கிடுகுவேலியும் காதும்

அண்மையில் நண்பர் ஒருவர் வீட்டில் அரங்கேற்ற மலரொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரங்கேறிய பிள்ளையின் தந்தையார் தன்னுடைய இளமைக்கால இசையனுபவம் பற்றி அதில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். விடியற்காலைக் கோயில் மணி, அதைத் தொடர்ந்து நாதஸ்வரம், அம்மம்மா பாடிய தேவாரம், ஐயா கேட்ட வானொலிக் கச்சேரி, பின்னர் ஒரு குருவின் காலடி, முடிவில் இசையே எமது உயிர் என்று ஒரு வரி. வாசித்து முடித்ததும் இதை எங்கேயோ ஏற்கெனவே வாசித்திருக்கிறேனே என்று தோன்றியது. புகலிடத்து மலர்களிலும் ஆண்டுவிழா வெளியீடுகளிலும், ஏன், எமது சிறுசஞ்சிகைகளிலுங்கூட இந்த நினைவு வேறுவேறு பெயர்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர் நானே இப்படியொன்றை எழுதியவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த நினைவுகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கோயில் மணி கேட்டது உண்மை, அம்மம்மா பாடியதும் உண்மை. ஆனால் ஒரு கிராமத்துக் காற்றில் வந்த சத்தங்கள் இவ்வளவுதானா? எங்களுக்கு இசையில் பிரியம் வந்த கதையை எழுதும்போது எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம்? அப்படி விடுபட்டது தற்செயலாக விடுபட்டதா? இந்தக் கேள்விகளை மற்றவர்களிடம் கேட்பதற்கு முதல் என்னிடமே கேட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

நான் வளர்ந்தது அறுபதுகளிலும் எழுபதுகளிலும், வலிகாமத்தில் ஒரு ஊரில். 'நல்ல குடும்பம்' என்று ஊர் சொல்லும் குடும்பம். அந்தச் சொல்லுக்கு எங்கள் மண்ணில் என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வளவைச் சுற்றிக் கிடுகுவேலி. வருடாவருடம் வேலியடைப்பு நடக்கும். வெளியே போவோருக்கு உள்ளே இருப்பது தெரியக்கூடாது, உள்ளே இருப்போர் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் கிடுகு பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. ஆகவே சத்தத்துக்கு வேறொரு வேலி தேவைப்பட்டது. அதைப் பெரியவர்கள் சொல்லாலும் முகச்சுளிப்பாலும், தேவைப்பட்டால் அடியாலும் எங்கள் காதுகளைச் சுற்றி அடைத்தார்கள்.

ஐயாவிடம் வால்வு றேடியோ ஒன்று இருந்தது. அதில் செய்தி கேட்கலாம், கதாப்பிரசங்கம் கேட்கலாம், சாஸ்திரிய சங்கீதம் கேட்கலாம். சினிமாப் பாட்டுக்கு இடமில்லை. பாட்டுத் தொடங்கியதும் ஐயாவின் கை குமிழுக்குப் போய்விடும். அடுத்த வளவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பின்னேரங்களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அங்கே முழுச்சத்தத்தில் போகும். வேலியில் நாய் போய்வருகிற பொட்டு ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் புத்தகத்தோடு குந்தியிருந்து படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு நான் கேட்ட பாட்டுகள் எத்தனை! மயில்வாகனன், பின்னர் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எனக்கு அறிமுகமானது அந்த வேலிப்பொட்டின் வழியாகத்தான். இசையில் எனக்கு முதற் பிரியம் வந்தது இன்னொருவர் வீட்டு றேடியோவிலிருந்து, திருட்டுத்தனமாக.

வளர்ந்து இந்த விஷயங்களை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அடுத்த வளவு றேடியோவுக்குப் பின்னாலும் ஒரு வேலியின் கதை இருப்பது தெரிந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் அதற்கான இடம் சுருங்கிப் போனது. நேயர்கள் சாஸ்திரிய சங்கீதத்தின் பக்கம் போவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். யுத்தகாலத்துச் சிற்றலைப் பரப்பிகள் இலங்கை வானொலியின் கையில் இருந்தன. 1950 இல் தொடங்கியிருந்த வர்த்தக சேவை இந்தியாவெங்கும் கேட்டது. 1957 இல் விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு இந்தியா மீண்டும் வழிவிட வேண்டியதாயிற்று. அதே அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தையும் தடைசெய்திருந்தது. கமகத்துக்கு வளைந்து கொடுக்காத அந்நிய வாத்தியம் என்பது காரணம். தடை தளர்வதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டில்லியில் ஒரு அமைச்சர் போட்ட வேலிக்கும் எங்கள் வீட்டில் ஐயா போட்ட வேலிக்கும் அளவில்தான் வித்தியாசம். இரண்டிலும் பொட்டு விழுந்தது.

ஆனால் சினிமாப் பாட்டுக்கு எதிரான வேலி பலமில்லாத வேலி. கொஞ்சக் காலத்தில் ஐயாவே அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். 1976 இல் 'அன்னக்கிளி' வந்தபோது அதன் பாட்டுகள் எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் போயின, யாரும் ஆட்சேபிக்கவில்லை. நான் சொல்ல வருவது இதைவிட உறுதியான வேலிகளைப் பற்றி.

கோயிலை எடுத்துக்கொள்வோம். திருவிழா இரவுகளில் மேளச்சமா நடக்கும். இரண்டு கூட்டம், சிலவேளை நாலு கூட்டம், விடியவிடிய வாசிப்பார்கள். தவிலில் தட்சணாமூர்த்தி வாசிக்கிறார் என்றால் சைக்கிளில் பத்து மைல் போகிறவர்கள் இருந்தார்கள். 1975 இல், நாற்பத்திரண்டு வயதுகூட ஆகாமல் அவர் மறைந்தார். தமிழ்நாட்டுப் பெரும் வித்துவான்களே வியந்து நின்ற அந்தக் கைகளைப் பற்றிப் பிற்காலத்தில் அம்ஷன் குமார் ஆவணப்படம் எடுத்தார், அதற்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது. நாதஸ்வரத்தில் அளவெட்டி என்.கே.பத்மநாதன். இந்த மண்ணிலிருந்து உலகத்துக்குக் காட்டக்கூடிய இசையென்று ஒன்று உண்டென்றால் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

நாங்கள் அதை ரசித்த விதத்தைச் சொல்ல வேண்டுமே. வீதியில் மணலில் இருந்து தலையாட்டிக் கேட்டவர்கள், வீட்டுக்கு வந்து பேசும்போது அந்த வித்துவான்களை அவர்களுடைய சாதிப்பெயரால்தான் சொன்னார்கள். மேளகாரர் சபையில் இருக்கலாமா நிற்க வேண்டுமா, தோளில் சால்வை போடலாமா அரையில் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் பெரிய கேள்விகளாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் ரி.என்.ராஜரத்தினம்பிள்ளை (1898-1956) கிராப்பு வைத்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் இருந்து வாசித்ததைத் திமிர் என்றவர்கள் உண்டு. அந்தத் திமிர் இல்லாவிட்டால் அந்தக் கலைஞர்களுக்கு மரியாதை தானாக வந்திராது. எங்கள் ஊரில் வாசிப்பைப் புகழ்ந்த வாய், வாசித்தவரைத் தன் வீட்டு விறாந்தையில் வந்து இருக்கச் சொல்லவில்லை. நானும் சிறுவனாக அந்த மணலில் இருந்தவன். எனக்கு இது அப்போது விசித்திரமாகத் தெரியவில்லை. அதுதான் வெட்கமான விஷயம்.

அடுத்தது நாடகம். வி.வி.வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்க்காத யாழ்ப்பாணத்தவர் அந்தத் தலைமுறையில் குறைவு. ஆர்மோனியம் முன்னால் போக, அவருடைய குரல் பின்னால் எழும். வானொலி தள்ளிவைத்த அதே ஆர்மோனியந்தான். சுடலை காக்கும் வேலைக்கு விற்கப்பட்ட அரசன், பிணத்தைச் சுட வந்தவளிடம் முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். வந்திருப்பவள் தன் மனைவி, கிடப்பது தன் பிள்ளை என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். ஐயாவின் கண்ணிலும் நான் நீரைக் கண்டேன். சங்கீத வகுப்புக்கு வெளியே இசையின் பலம் என்ன என்பதை எனக்குக் காட்டியது அந்த இரவுகள்தான்.

இன்று அதை நினைக்கும்போது வேறொன்றும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அரசன் ஒருவன் சுடலைத் தொழிலுக்கு இறக்கப்பட்டான் என்பதற்காக ஊர் அழுதது. அந்தத் தொழிலை உண்மையாகவே தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் அதே இரவில், அதே வெளியில், சபைக்குப் பின்னால் தனியாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்காக யாரும் அழவில்லை. கதையின்படி அரசன் மீட்கப்பட வேண்டியவன், அவர்களோ அங்கேயே இருக்க வேண்டியவர்கள். பாட்டு எங்கள் மனதை இளக்கியது உண்மை. ஆனால் எந்த எல்லை வரைக்கும்?

இனி நான் முன்னர் எழுதிய கட்டுரையில் விட்டுவிட்ட சத்தத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையால் செத்தவீட்டு ஊர்வலம் போகும்போது பறைமேளம் முன்னால் வரும். இன்றைக்கு மேடைகளில் காணும் தமிழ்நாட்டுத் தப்பு வேறு. எங்கள் ஊர்ப் பறை உருளை வடிவானது, இரண்டு முகமும் தோல் கட்டியது, கழுத்தில் தொங்கவிட்டு அடிப்பது. தூரத்தில் சத்தம் கேட்டதும் அம்மா யன்னலைச் சாத்துவார். சாவுச் சத்தம், பிள்ளைகள் கேட்கக்கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஊர்வலத்தில் வருகிற தேவாரத்துக்கும் சங்குக்கும் யன்னல் சாத்துவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. காலையிலிருந்து மேளம் நிற்கவில்லை. பொட்டடிக்குப் போய் நின்றேன். இரண்டு பேர் அடித்தார்கள். ஒருவர் பிடித்துவைத்த நடையை மற்றவர் உடைத்துக்கொண்டு போனார், ஓரிடத்தில் இருவரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். அந்த விழுகிற இடம் எப்போது வரும் என்று என் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. தாளம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கிய கணம் அது என்று இன்று நிச்சயமாகச் சொல்வேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தபோது என்னையறியாமல் என் விரல்கள் பலகையில் அந்த அடியைத் தட்டின. ஐயா ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை. "ஆற்றை வேலையடா பாக்கிறாய்?" என்ற ஒரு வசனம். அவ்வளவுதான்.

'யாருடைய வேலை' என்ற அந்தக் கேள்வியில் எங்களுடைய முழு இசை விமர்சனமும் அடங்கியிருந்தது என்று இன்று தோன்றுகிறது. சத்தம் நல்லதா கெட்டதா என்று ஐயா கேட்கவில்லை. அடுத்த வருடம் என்னைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பினார்கள். தொடையில் தாளம் போடப் பழக்கினார்கள். அதே விரல்கள். அங்கே அது கல்வி.

வகுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரியின் செல்வாக்கு ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே அதிபராக இருந்தது எங்களுக்குப் பெரிய கொடை. ஒரு இராகத்தைப் பொறுமையாகக் கேட்கும் காது எனக்கு அந்த வழியால்தான் வந்தது, அதற்கு நன்றியுடையவன். ஆனால் அந்தக் காதைத் தந்தவர்களே அதன் ஒரு பக்கத்தை அடைத்தும் தந்தார்கள்.

*

1985 இல் ஜேர்மனிக்கு வந்தேன். அகதிகள் விடுதியில், நாங்கள் 'ஹைம்' என்று சொல்லும் இடத்தில், ஒரு அறைக்கு ஆறு பேர். ஒரு கசெற் றெக்கோடர். கசெற்றுகள் கைமாறிக் கைமாறி நாடா தேய்ந்துபோய்க் கேட்கும். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பத்து மணிக்கு முன்னரும் எங்கள் பாட்டுச் சத்தமாகத்தான் பட்டது. பக்கத்துக் கட்டிடத்துக் கிழவி ஒருத்தி யன்னலைப் படாரென்று சாத்துவாள். சிலநாள் பொலிஸ் வரும். அந்த யன்னல் சாத்தும் சத்தத்தைக் கேட்டு நாங்கள் ஆத்திரப்பட்டோம், இனவாதம் என்றோம். அது பொய்யுமல்ல. ஆனால் அதே சத்தத்தை நான் என் வீட்டில், என் அம்மாவின் கையால், சிறுவயதில் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க மேலும் பல வருடங்கள் பிடித்தன.

அந்த ஹைமில்தான் 'சிந்து பைரவி'யை வீடியோவில் பார்த்தோம். 1985 இல் வந்த கே.பாலசந்தரின் படம். எங்கள் தலைமுறையில் பலர் இசைபற்றிய தங்கள் கருத்தை இந்தப் படத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விளங்காத மொழியில் பாடும் வித்துவானிடம் சபையில் ஒரு பெண் எழுந்து, தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். நாட்டார் மெட்டில் பாடிக் காட்டுகிறாள். அந்தப் பாட்டு வளர்ந்து வளர்ந்து தியாகராஜர் கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. சபை கைதட்டுகிறது. ஹைமில் நாங்களும் கைதட்டினோம். இளையராஜாவின் இசைக்கும் சித்ராவின் குரலுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன, தகுதியான விருதுகள்.

ஆனால் அந்தக் காட்சி என்ன சொல்கிறது? நாட்டார் பாட்டு நல்லது, ஏனென்றால் அதற்குள்ளும் சாஸ்திரிய இராகம் ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறது. தெருவிலிருந்து வந்த பாட்டு மேடைக்காரரின் பரீட்சையில் தேறியதால் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பரீட்சை வைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழவேயில்லை. இதே படத்தின் பிற்பாதியில் வித்துவான் குடியில் விழுகிறான். அவன் எவ்வளவு தூரம் விழுந்துவிட்டான் என்பதைக் காட்டுவதற்கு இயக்குநர் அவனை ஒரு துள்ளல் பாட்டுக்கு ஆடிப்பாட விடுகிறார். ஆக, அந்த வகைப் பாட்டு மேலே ஏறினால் கீர்த்தனை, வித்துவான் கீழே இறங்கினால் அவமானம். படம் ஏணியை ஆட்டுவதுபோலத் தெரிந்தாலும் ஏணி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அன்று கைதட்டிய எனக்கு இது தெரியவில்லை.

ஊரில் மிஞ்சியிருந்தவர்களின் கதை வேறு. 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. தங்கச்சி கடிதத்தில் எழுதியிருந்தாள்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிறார்களாம். தமிழோசைச் செய்தி முடிந்த பிறகு பிள்ளைகள் பாட்டுக் கேட்பதற்காக முறைவைத்துச் சுற்றுவார்களாம். சுற்றுகிற கை ஓய்ந்தால் கசெற்றில் பாடகரின் குரலும் இழுபட்டு ஓய்ந்துபோகுமாம். அவள் இதைப் பகிடியாக எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இசைப் பிரியம் என்று நாங்கள் மலர்களில் எழுதுகிற எல்லாவற்றையும் விட அந்தப் பெடல் சுற்றிய கைகள் பெரிய சாட்சி என்று நினைக்கிறேன். யாருடைய வளவு, யாருடைய சைக்கிள் என்று பார்க்காமல் பிள்ளைகள் கூடிச் சுற்றினார்கள் என்றும் எழுதியிருந்தாள். எத்தனை வளவுகளில் அப்படி நடந்ததென்று நான் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு வளவிலாவது நடந்தது.

புகலிடத்தில் நாங்கள் என்ன செய்தோம்? வேலியைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே திரும்ப அடைத்தோம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி, அதன்பின் சங்கீதம் அல்லது மிருதங்கம் அல்லது வீணை. தரம் ஒன்று, தரம் இரண்டு என்று பரீட்சைகள், சான்றிதழ்கள். முடிவில் மண்டபம் எடுத்து, தமிழ்நாட்டிலிருந்து பக்கவாத்தியம் வரவழைத்து அரங்கேற்றம். இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த வகுப்புகளிலிருந்து நல்ல கலைஞர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள் வாத்தியத்தை உறையில் போட்டு மூடிவைத்துவிட்டுப் பிறகு தொடாத பிள்ளைகளை எங்களுக்கெல்லாம் தெரியும். என் மகளும் அவர்களில் ஒருத்தி. எட்டு வருடம் பாடினாள். பாட்டில் அவளுக்குப் பிரியம் வந்ததா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

2007 இல் அவளுக்குப் பதினாறு வயது. ஒருநாள் வேலைமுடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், அவளுடைய அறையிலிருந்து மேளச்சத்தம். ஆங்கிலப் பாட்டு, ஆனால் அடியில் போவது எனக்குத் தெரிந்த ஏதோவொன்று. கால் படியிலேயே நின்றுவிட்டது. அடுத்த நிமிடம் நான் செய்ததை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். கதவைத் தட்டி, "உந்தச் செத்தவீட்டுச் சத்தத்தை நிப்பாட்டு" என்றேன். குரல் என்னுடையது. வசனம் ஐயாவுடையது.

அவள் நிறுத்தவில்லை. இது எங்கட ஆள் ஒருத்தியின் பாட்டு என்று சொன்னாள். லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாகத் திரும்ப லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர். அந்த ஆண்டு வந்த 'கலா' என்ற தொகுப்பு. தாயின் பெயர். அதில் சில பாட்டுகளுக்குத் தமிழ்நாட்டு உறுமிமேளக்காரரைக் கொண்டு வாசிப்பித்திருந்தார். உறுமி வேறு, எங்கள் ஊர்ப் பறை வேறு. ஆனாலும் கோயிற்கொடைக்கும் சாவுக்கும் அடிக்கிற மேளம், கச்சேரிச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மேளம் என்ற வகையில் உறவுள்ளவை. எட்டு வருடச் சங்கீத வகுப்பு என் மகளிடம் எழுப்பாத ஒன்றை இந்த மேளம் எழுப்பியிருந்தது. அவள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அறையவில்லை என்பதுமட்டும் வித்தியாசம்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்தால் வாசிக்க வசதியாக இருக்கும். ஒதுக்கப்பட்ட இசை உலக மேடை ஏறிவிட்டது, மகள் தகப்பனுக்குப் பாடம் சொன்னாள் என்று. ஆனால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பறை பழகும் இளைஞர் குழுக்கள் உண்டு. ஆர்ப்பாட்டங்களிலும் தைப்பொங்கல் விழாக்களிலும் பறை அடிக்கிறார்கள். தமிழரின் ஆதி வாத்தியம் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். தமிழ்நாட்டில் தலித் கலை இயக்கங்களும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களும் இழிவென்று சொல்லப்பட்ட பறையை உரிமையோடு கையிலெடுத்துப் போராடிய வரலாறு இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்து அடிக்கிறார்களென்றால் மகிழ்ச்சி. ஆனால் நான் பார்த்த விழாக்களில் 'ஆதி வாத்தியம்' என்ற சொல் சொல்லப்பட்டது, சாதி என்ற சொல் சொல்லப்படவில்லை. மேடையில் இருந்ததும் தமிழ்நாட்டு ஒருமுகப் பறை. எங்கள் ஊர்ப் பறையையும் அதை அடித்தவர்களையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊரை நினைக்காமலே எங்கள் பாரம்பரியத்தைக் கொண்டாடிவிட முடிகிறது.

அப்படியொரு விழாவுக்குப் பிறகு நண்பர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். பறைமேளம் அடித்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். நான் உற்சாகமாகப் பறையைப் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு அது இப்பதான் இசை அண்ணை. எங்கட அப்பாவுக்கு அது வேலை. வரமாட்டன் எண்டு சொன்னா வீடு எரியிற வேலை. அப்பா அதைக் கீழ வைச்ச அண்டைக்குத்தான் எங்கட வீட்டில கொண்டாட்டம்."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் தீண்டாமைக்கு எதிராக எழுந்த போராட்டங்களை, 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை, கே.டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதிய வாழ்க்கையை நான் வாசித்தே இருந்தேன். குடிமைத் தொழில் செய்ய மறுத்தது அந்தப் போராட்டங்களின் ஒரு பகுதி, பறையை அடிக்க மறுத்ததும் அதில் அடக்கம். ஆனால் எனக்குப் பிடித்த ஒரு தாளத்தின் மௌனம் இன்னொருவரின் விடுதலையாக இருந்திருக்கிறது என்று நான் ஒருபோதும் பொருத்திப் பார்த்ததில்லை. பறையை இசையென்று ஏற்றுக்கொள்வதோடு என் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

இது பறைக்கு மட்டும் உரிய பிரச்சினையுமல்ல. ரி.எம்.கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட 'செபஸ்ரியன் அன்ட் சன்ஸ்' என்ற நூல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் இழுத்து, நாதத்தை உண்டாக்கும் தொழிலாளரில் பெரும்பாலோர் தலித்துகள். மாட்டுத்தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை. மாட்டைத் தீண்டாதவர்களின் மேடையில் அது நடுநாயகமாக இருக்கிறது, அதைச் செய்தவரின் பெயர் எந்த அழைப்பிதழிலும் இல்லை. அந்த நூலின் வெளியீட்டுக்கு ஒப்புக்கொண்ட மண்டபமே பின்னர் இடம்தர மறுத்தது. எங்கள் அரங்கேற்ற மலர்களில் ஒப்பனைக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் நன்றி சொல்கிறோம். மிருதங்கம் செய்தவருக்கு?

ஆகவே என் கோரிக்கை சிறியது. இசையில் எங்களுக்குப் பிரியம் வந்த கதையை எழுதுவோம். கோயில் மணியையும் அம்மம்மாவின் தேவாரத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றோடு, எந்தச் சத்தம் வந்தபோது யன்னல் சாத்தப்பட்டது என்பதையும் எழுதுவோம். யார் சாத்தினார்கள், அடித்துக்கொண்டிருந்தவர் யார், பின்னர் நாங்கள் யாருக்கு எதிராக யன்னலைச் சாத்தினோம் என்பதையும் எழுதுவோம். இவை இல்லாத நினைவுக் கட்டுரை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதை நான் இனி நம்பத் தயாரில்லை, நான் எழுதியது உட்பட.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது மகளுக்கு அந்தச் செத்தவீட்டு நாளைப் பற்றிச் சொன்னேன். இப்போது அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. முழுவதையும் கேட்டாள். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, அண்டைக்கு அடிச்ச அந்த ரெண்டு பேற்றை பேர் என்ன?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். வந்தது சாதிப்பெயர் ஒன்றுதான். எங்கள் வளவிலிருந்து முன்னூறு யார் தூரத்தில், நான் ஊரைவிட்டு வரும்வரை வாழ்ந்தவர்கள். தாளம் என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவர்கள். அவர்களுடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் ஓரிருவருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். இதுவரை கிடைக்கவில்லை.